யாரோடு ஆடுவது? லியாண்டர் பயஸின் முப்பது வருஷத் தகராறு

2012 ஜூன் 7 அன்று பாரிஸில் மகேஷ் பூபதியும் சானியா மிர்சாவும் சேர்ந்து பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றார்கள். அன்று பூபதிக்குப் பிறந்தநாளும்கூட. லண்டன் ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதம்கூட இல்லை. கலப்பு இரட்டையர் பதக்கத்துக்கு இதைவிட நல்ல ஜோடி இந்தியாவிடம் இல்லை என்று விளையாட்டுப் பக்கம் படிக்கிற எவரும் சொல்லியிருப்பார்கள். இரண்டே வாரத்தில் அகில இந்திய டென்னிஸ் சங்கம் அந்த ஜோடியைப் பிரித்துவிட்டது. சானியாவுக்கு ஜோடி லியாண்டர் பயஸ் என்று அறிவித்தது.

காரணம் ஆண்கள் இரட்டையரில் கிளம்பிய சண்டை. சங்கம் முதலில் பயஸும் பூபதியும் ஆடுவார்கள் என்றது. பயஸோடு ஆட முடியாது என்றார் பூபதி. சரி, ரோஹன் போபண்ணா ஆடட்டும் என்றார்கள். அவரும் மாட்டேன் என்றார். பூபதியும் போபண்ணாவும் ஒலிம்பிக்கை மனதில் வைத்து அந்த வருஷத் தொடக்கத்திலிருந்தே ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தவர்கள். கடைசியில் பூபதி - போபண்ணா ஒரு ஜோடி, பயஸும் இளைஞர் விஷ்ணு வர்தனும் இன்னொரு ஜோடி என்று முடிவானது. தரவரிசையில் முதல் பத்துக்குள் இருந்த தனக்கு இப்படி ஒரு கூட்டாளியா என்று பயஸ் தரப்புக்கு மனக்குறை. அதை ஆற்றத்தான் சானியாவைக் கொடுத்தார்கள். சானியா ஜூன் 26 அன்று அறிக்கை விட்டார். மனக்கசப்பில் இருக்கும் ஒரு மூத்த வீரரைச் சமாதானப்படுத்தத் தன்னைத் தூண்டில் இரையாக்கிவிட்டார்கள் என்பது அதன் சாரம். இந்திய விளையாட்டு வரலாற்றில் ஒரு பெண் வீராங்கனை தன் சங்கத்தைப் பார்த்து இவ்வளவு வெளிப்படையாகக் கேட்ட சந்தர்ப்பம் அதிகம் இல்லை.

பயஸின் சர்ச்சைகளை எண்ணத் தொடங்கினால் விரல் போதாது. ஆனால் ஒவ்வொன்றையும் கிளறிப் பார்த்தால் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது: நாட்டுக்காக ஆடும்போது யார் யாரோடு ஆடுவது என்பதை முடிவு செய்வது யார்? ஆடுபவரா, சங்கமா, கேப்டனா, தரவரிசையா? முப்பது வருஷம் இந்தக் கேள்விக்குச் சங்கம் ஒரு விதி எழுதவில்லை. எழுதாமல் விட்டதில்தான் அதன் அதிகாரம் இருந்தது என்பது என் எண்ணம். பயஸின் குணத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. குணம் ஒரு பங்கு. அந்தக் குணத்துக்குத் தீனி போட்டு வளர்த்த ஏற்பாடு பெரும் பங்கு.

கல்கத்தாவில் 1973-ல் பிறந்தவர் பயஸ். அப்பா வேஸ் பயஸ் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியில் ஆடியவர். அம்மா ஜெனிஃபர் இந்தியக் கூடைப்பந்து அணியின் தலைவியாக இருந்தவர். பையன் டென்னிஸ்காரனாக உருவானது மெட்ராஸில். விஜய் அமிர்தராஜ் குடும்பம் பிரிட்டானியா நிறுவனத்தின் ஆதரவோடு எண்பதுகளின் நடுவில் தொடங்கிய பயிற்சிப் பள்ளிக்குச் சிறுவனாக வந்து சேர்ந்தார். டென்னிஸில் மெட்ராஸ் அன்றைக்கே பெரிய பெயர். தென்காசிக்காரர் டி.கே.ராமநாதன் தன் மகன் கிருஷ்ணனைத் தானே பழக்கி ஆளாக்கினார். அந்தக் கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்று, 1960, 1961 இரண்டு வருஷமும் பெரியவர்கள் பிரிவில் அரையிறுதி வரை போனார். அவர் மகன் ரமேஷ் 1979-ல் அதே ஜூனியர் பட்டத்தை வென்றார். பயஸ் அதை 1990-ல் வென்றார். டேவிஸ் கோப்பையில் அவர் காலெடுத்து வைத்ததும் அதே வருஷம்தான். அப்போது வயது 16.

இளைஞர் பயஸை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் அவருடைய ஒற்றையர் ஆட்டத்தை மறந்துவிடுகிறார்கள். 1993 ஜூலையில் பிரான்ஸின் ஃப்ரெழு நகரில், பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்கு வசதியாகப் போட்டுக்கொண்ட களிமண் தரையில், ஆன்ரி லெகோன்தையும் அர்னோ பொவெச்சையும் வீழ்த்தினார். கடைசி ஆட்டத்தை ரமேஷ் கிருஷ்ணன் முடித்துக் கொடுத்தார். இந்தியா அந்த வருஷம் டேவிஸ் கோப்பை அரையிறுதிக்குப் போனது. 1995-ல் டெல்லிப் புல்தரையில் கொரான் இவானிசெவிச்சிடம் முதல் இரண்டு செட்டை இழந்தார். எதிரே நிற்பவருடைய சர்வீஸை உலகத்தில் பலரால் தொடவே முடியாத காலம் அது. மூன்றாவது செட்டை டைபிரேக்கரில் பிடுங்கினார், நான்காவது 6-4, ஐந்தாவது 6-1.

அடுத்த வருஷம் அட்லாண்டா ஒலிம்பிக். தரவரிசையில் 126-வது இடத்தில் இருந்தவர் வைல்ட் கார்டில் உள்ளே போனார். தாமஸ் என்க்விஸ்ட் போன்றவர்களைத் தாண்டி அரையிறுதியில் ஆந்த்ரே அகாஸியிடம் தோற்றார். மணிக்கட்டு காயத்தோடு பிரேசிலின் ஃபெர்னாண்டோ மெலிஜெனியை 3-6, 6-2, 6-4 என்று வென்று வெண்கலம் வாங்கினார். 1952-ல் மல்யுத்த வீரர் கே.டி.ஜாதவ் வாங்கிய வெண்கலத்துக்குப் பிறகு 44 வருஷத்தில் தனி ஒருவர் இந்தியாவுக்குக் கொண்டுவந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

இந்த வெண்கலம் அவருக்கு ஒரு பீடத்தைக் கொடுத்தது. நாட்டுக்கொடி தோளில் ஏறினால் தன் தரவரிசைக்குள் அடங்காமல் ஆடுகிறவர் என்று பெயர் வந்தது. பொய்யான பெயர் அல்ல. ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. நாட்டுப்பற்று யாருக்கு எவ்வளவு என்று அளக்கும் படி அவர் கைக்குப் போய்விட்டது. பிற்காலத்தில் சக வீரர்களோடு வந்த ஒவ்வொரு சண்டையிலும் அந்தப் படியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

எங்கள் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் டென்னிஸ் பந்து என்றால் கிரிக்கெட் ஆடுகிற பந்து. வேனல் காலத்தில் தண்ணீர் வற்றிய கண்மாயிலும், அறுப்பு முடிந்த கரிசல் காட்டிலும் அந்தப் பந்துதான் பறக்கும். டென்னிஸ் ஆடி அதை மழுக்கியவர் எவரையும் நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஊரிலும் பயஸ் - பூபதி பெயரை டீக்கடைப் பேப்பர் கொண்டுவந்து சேர்த்தது. ஆட்டம் புரியாவிட்டாலும் சண்டை புரிந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. ஜோடி மாடு பூட்டி உழுதவர்களுக்கு வலத்தை மாடும் இடத்தை மாடும் ஒன்றையொன்று இழுத்தால் சால் எப்படிப் போகும் என்று தெரியும்.

இரட்டையர் ஆட்டம் அப்படித்தான். கோர்ட்டைப் பாதியாகப் பிரித்து ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொள்வதல்ல அது. ஒருவர் சர்வீஸ் போடும்போது மற்றவர் நெட்டுக்கு முன்னால் குனிந்து நிற்பார். முதுகுக்குப் பின்னால் கையை வைத்து விரலால் சைகை காட்டுவார். குறுக்கே பாயப் போகிறேனா, நின்ற இடத்திலேயே நிற்கப் போகிறேனா என்று கூட்டாளிக்கு மட்டும் தெரிகிற சேதி. பாய்ந்தால் அவர் விட்டுப்போன இடத்தைச் சர்வீஸ் போட்டவர் ஓடி அடைக்க வேண்டும். அரை நொடி சந்தேகம் வந்தால் பாயிண்ட் போய்விடும். பயஸின் பலம் முழுக்க அந்த நெட்டுக்கு முன்னால் இருந்தது. தடதடக்கும் கால், கையைச் சுழற்றாமல் மட்டையை நீட்டியே பந்தைச் சாகடிக்கிற வாலி. பூபதியிடம் உயரமும், பலமான சர்வீஸும், ரிட்டர்னும் இருந்தன. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது.

1999-ல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதி ஆட்டங்களிலும் இந்த ஜோடி நின்றது. பிரெஞ்சு ஓபனும் விம்பிள்டனும் வென்றார்கள். உலகின் முதல் இடமும் வந்தது. நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் 1997, 1998, 1999 மூன்று வருஷமும் சென்னை ஓபன் இரட்டையர் பட்டம் இவர்களுக்கே. பாயிண்ட் எடுத்ததும் நெஞ்சோடு நெஞ்சு மோதிக்கொள்வார்கள். சென்னை ரசிகர்கள் அதற்காகவே கைதட்டக் காத்திருந்தார்கள். பூபதி பிறந்ததும் மெட்ராஸில்தான். ஆக, இருவரையும் நம் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்ள நமக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

முதல் இடத்துக்கு வந்த கையோடு பிரிந்தார்கள். ஏன் பிரிந்தார்கள் என்பதற்கு இருவரும் பல வருஷம் வாய் திறக்கவில்லை. 2021-ல் ஜீ5 தளத்தில் வந்த 'பிரேக் பாயிண்ட்' தொடரில் தனித்தனியாக உட்கார்ந்து சொன்னார்கள். பயிற்சியாளர், சுற்றியிருந்தவர்கள், அவர் சொன்னதாக இவர் கேட்டது, இவர் சொன்னதாக அவர் கேட்டது என்று நீண்டது கதை. நேருக்கு நேர் உட்கார்ந்து பேசவில்லை என்பதை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நடப்பதைவிடப் பெரிதாக அதில் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

சுற்றுப் போட்டிகளில் பிரிவது பெரிய விஷயமல்ல. அங்கே ஜோடி மாறுவது வாரச் சந்தையில் கடை மாற்றுவதைப் போலச் சாதாரணம். பயஸ் தன் வாழ்நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டாளிகளோடு ஆடியிருக்கிறார். மார்ட்டின் டாம், லூகாஸ் ட்லூஹி, ராடெக் ஸ்டெபானெக் ஆகிய மூன்று செக் நாட்டுக்காரர்களோடு மட்டும் ஐந்து கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் இரட்டையர் பட்டங்கள். கலப்பு இரட்டையரில் மார்ட்டினா நவ்ரத்திலோவாவோடு இரண்டு, காரா பிளாக்கோடு மூன்று, மார்ட்டினா ஹிங்கிஸோடு நான்கு, லிசா ரேமண்டோடு ஒன்று. பூபதியோடு வென்றதையும் சேர்த்தால் மொத்தம் ஆண்கள் பிரிவில் எட்டு, கலப்பில் பத்து. இந்தப் பட்டியலைப் பார்த்தால் இவரோடு யாராலும் ஆட முடியாது என்று எப்படிச் சொல்வது? வெளிநாட்டுக்காரரோடு ஒத்துப்போனவர் உள்ளூர்க்காரரோடு ஒத்துப்போகவில்லை என்பதுதான் உண்மை. வெளிநாட்டுக் கூட்டாளி பிடிக்காவிட்டால் அடுத்த வாரமே விலகலாம். டேவிஸ் கோப்பைக்கும் ஒலிம்பிக்குக்கும் ஜோடி சேர்த்து வைப்பது சங்கம். விலகினால் தேசத்துரோகி என்ற பட்டம் கிடைக்கும்.

அதிசயம் என்னவென்றால், பேச்சுவார்த்தை இல்லாத வருஷங்களிலும் இந்த ஜோடி நாட்டுக்காக இறங்கினால் வென்றது. டேவிஸ் கோப்பையில் 1997 முதல் 2010 வரை பயஸ் - பூபதி ஜோடி தொடர்ச்சியாக 24 இரட்டையர் ஆட்டங்களை வென்றது. அது உலக சாதனை. பழைய டேவிஸ் கோப்பை முறையில் ஒரு மோதலுக்கு ஐந்து ஆட்டம், நடுநாள் இரட்டையர். இந்த இருவர் இருந்ததால் இந்தியா கையில் ஒரு புள்ளியோடுதான் களத்தில் இறங்கியது. ஒற்றையரில் ஆள் இல்லாத நாட்டுக்கு அந்த ஒரு புள்ளி அமிர்தம். சங்கம் ஒற்றையர் வீரர்களை உருவாக்குவதை விட்டுவிட்டு இந்தப் புள்ளியைக் கட்டிக்காப்பதிலேயே காலம் கழித்தது.

இரண்டு பேரும் சேர்ந்து ஆடி நாட்டுக்குப் பதக்கம் வாங்கியிருக்க வேண்டிய இடம் 2004 ஏதென்ஸ். அதற்கு ஒரு வருஷம் முன்பு பயஸுக்கு மூளையில் கட்டி என்று சந்தேகப்பட்டு ஃபுளோரிடாவில் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். கடைசியில் அது ஒட்டுண்ணித் தொற்று என்று தெரிந்தது. அதிலிருந்து எழுந்து வந்தவர் பூபதியோடு அரையிறுதி வரை போய் ஜெர்மன் ஜோடியிடம் தோற்றார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே குரோவேஷியாவின் மாரியோ ஆன்சிச், இவான் லூபிசிச். முதல் செட் டைபிரேக்கரில் போனது. இரண்டாவது 6-4 என்று இந்தியாவுக்கு. மூன்றாவது செட்டில் 6-6 ஆனது, 10-10 ஆனது, 14-14 ஆனது. ஒலிம்பிக்கில் அப்போது கடைசி செட்டுக்கு டைபிரேக்கர் கிடையாது. இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடியாக வேண்டும். கிட்டத்தட்ட நான்கு மணி நேரத்துக்குப் பிறகு 16-14 என்று குரோவேஷியா வென்றது. அந்த நான்கு மணி நேரமும் இருவரும் ஒருவரையொருவர் தட்டிக் கொடுத்துக்கொண்டுதான் ஆடினார்கள். இரண்டு கேம் கூடுதலாகக் கிடைத்திருந்தால் பின்னால் வந்த பஞ்சாயத்துகளில் பாதி வந்திருக்காது என்று எனக்கு ஒரு நப்பாசை.

2006-ல் தோஹா ஆசிய விளையாட்டில் குழுப் போட்டியில் சீன தைபேயிடம் தோற்றதும், பூபதிக்கு நாட்டுக்கு ஆடுவதில் எவ்வளவு ஈடுபாடு என்று பத்திரிகையாளர்களிடமே பயஸ் கேள்வி எழுப்பினார். அதே தோஹாவில் அடுத்த சில நாளில் இருவரும் சேர்ந்து இரட்டையர் தங்கம் வென்றார்கள்! 2008 தொடக்கத்தில் பூபதி, போபண்ணா உள்ளிட்ட வீரர்கள் பயஸின் கேப்டன் பொறுப்பை எதிர்த்துக் கொடி பிடித்தார்கள். ஆனாலும் அந்த வருஷம் பெய்ஜிங்கில் பயஸும் பூபதியும் ஒன்றாக இறங்கிக் காலிறுதியில் ஃபெடரர் - வாவ்ரிங்கா ஜோடியிடம் தோற்றார்கள். 2011-ல் தாமாகவே மறுபடி சேர்ந்தார்கள். சென்னை ஓபன் வென்றார்கள், ஆஸ்திரேலிய ஓபன் இறுதி வரை போய் பிரையன் இரட்டையரிடம் தோற்றார்கள். அந்த வருஷம் முடியும் முன் மறுபடி பிரிந்தார்கள். பிரையன் சகோதரர்கள் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். யாரோடு ஆடுவது என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை. 16 கிராண்ட்ஸ்லாம் வென்றார்கள்.

இப்போது 2012-க்குத் திரும்பலாம். யார் பக்கம் நியாயம்? பூபதி - போபண்ணா சேர்ந்து பழகியவர்கள். அவர்களைப் பிரிக்கச் சொல்ல ஆட்டக் காரணம் எதுவும் இல்லை. பயஸ் அந்த ஜனவரியில்தான் ஸ்டெபானெக்கோடு ஆஸ்திரேலிய ஓபன் வென்று வந்தவர். நாட்டில் தரவரிசையில் முன்னால் நின்றவர் அவர். அவர் எதிர்பார்த்ததிலும் தவறில்லை. இரண்டு பக்கமும் பாதிப் பாதி நியாயம் இருந்தபோது தீர்த்துவைக்க வேண்டியவர் நடுவில் இருக்கும் சங்கம். அது முதலில் ஒரு ஜோடியை அறிவித்தது, மறுப்பு வந்ததும் இன்னொன்றை அறிவித்தது, பிறகு இருவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தது, கடைசியில் சானியாவை எடுத்து நீட்டியது. லண்டனில் இரண்டு ஆண்கள் ஜோடியும் இரண்டாவது சுற்றில் வெளியேறின. பயஸ் - சானியா காலிறுதியில் பெலாரஸின் அசரென்கா - மிர்னி ஜோடியிடம் தோற்றார்கள். செப்டம்பரில் சங்கம் பூபதிக்கும் போபண்ணாவுக்கும் 2014 ஜூன் வரை நாட்டுக்கு ஆடத் தடை போட்டது. அவர்கள் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சானியா விஷயத்தில் மட்டும் பாதி நியாயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்தது, என் பார்வையில் பயஸின் கணக்கில் மிகக் கனமான பற்று. 2013 ஜனவரியில் சோம்தேவ் தேவ்வர்மன் முன்னின்று, எட்டு வீரர்கள் தென்கொரியாவுக்கு எதிரான டேவிஸ் கோப்பை மோதலில் ஆட மாட்டோம் என்று அறிவித்தார்கள். கேப்டனை மாற்று, நல்ல பிசியோவை வை, பரிசுப் பணத்தில் உரிய பங்கு கொடு, எந்த ஊரில் எந்தத் தரையில் ஆடுவது என்று எங்களையும் கேள் என்பவைதான் கோரிக்கைகள். இதில் எது அநியாயம்? பயஸ் மறுக்காமல் ஆடப் போனார். இரண்டாம் வரிசை ஆட்களைச் சேர்த்து சங்கம் அணி ஒன்றைக் கட்டியது. அதில் நம் சென்னைப் பையன் வி.எம்.ரஞ்சித்தும் ஒருவர். டெல்லியில் இந்தியா 1-4 என்று தோற்றது. கிடைத்த அந்த ஒன்று பயஸும் பூரவ் ராஜாவும் ஆடிய இரட்டையர்.

நூற்பாலைத் தொழிலாளர்கள் நிறைந்த அருப்புக்கோட்டைப் பக்கம் இதைக் கருங்காலித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். நாடு அழைத்தால் போவேன் என்பதை அவர் அன்றைக்கு மட்டும் சொன்னவரல்ல. எப்போதும் அப்படித்தான் சொன்னார், அப்படித்தான் போனார். ஆனால் ஏற்கெனவே பெயரும் புகழும் சேர்த்துவிட்ட ஒருவர் அந்த நேரத்தில் இளைஞர்கள் பக்கம் நின்றிருந்தால், சங்கம் ஒரே வாரத்தில் பணிந்திருக்கும். நிற்கவில்லை. பின்னால் அவரோடு ஆட இளைஞர்கள் தயங்கியபோது அதைப் பொறாமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

2016 ரியோவில் அதே நாடகம், பாத்திரங்கள் மட்டும் இடம் மாறின. இந்தத் தடவை முதல் பத்துக்குள் இருந்தவர் போபண்ணா. கூட்டாளியாக சாகேத் மைனேனியைக் கேட்டார். 2012-ல் தரவரிசையைக் காட்டி நியாயம் பேசிய பக்கம் இந்த முறை அனுபவத்தைக் காட்டிப் பேசியது. சங்கம் பயஸைச் சேர்த்து வைத்தது. முதல் சுற்றிலேயே போலந்து ஜோடியிடம் தோற்றார்கள். பயஸுக்கு அது ஏழாவது ஒலிம்பிக். டென்னிஸில் ஏழு ஒலிம்பிக் கண்ட முதல் ஆள் அவர். அதே ரியோவில் போபண்ணாவும் சானியாவும் கலப்பு இரட்டையரில் வெண்கலத்துக்கான ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள். தோற்கடித்த செக் ஜோடியில் ஒருவர் பயஸின் பழைய கூட்டாளி ஸ்டெபானெக்.

2017 ஏப்ரலில் பெங்களூரில் உஸ்பெகிஸ்தானுக்கு எதிரான மோதல். ஆடாத கேப்டனாக வந்து உட்கார்ந்தவர் பூபதி. பயஸ் மெக்சிகோவில் சேலஞ்சர் பட்டம் ஒன்றை வென்ற கையோடு வந்து சேர்ந்தார். டேவிஸ் கோப்பை இரட்டையரில் 42 வெற்றியோடு இத்தாலியின் நிக்கோலா பியெத்ராஞ்செலியைச் சமன் செய்து, ஒரு வெற்றி எடுத்தால் உலக சாதனை என்ற நிலையில் நின்றவர். பூபதி அவரை விட்டுவிட்டு போபண்ணாவையும் கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜியையும் இறக்கினார். பயஸ் பேட்டிகளில் கொதித்தார். பூபதி இருவருக்கும் நடந்த வாட்ஸ்அப் பரிமாற்றத்தை அப்படியே ஃபேஸ்புக்கில் போட்டார். நாற்பதைத் தாண்டிய இரண்டு பேர், பத்மஸ்ரீ வாங்கியவர்கள், தெருக்குழாயடிச் சண்டையை உலகத்துக்குக் காட்டினார்கள். ஆட்ட முடிவாகப் பார்த்தால் பூபதி செய்தது சரி, இந்தியா வென்றது. அதை அந்த வீரருக்கு முன்கூட்டித் தெளிவாகச் சொல்லிவிடுவதுதான் கேப்டனின் வேலை.

மறு வருஷம் ஏப்ரலில் சீனாவின் தியான்ஜினில் 0-2 என்று பின்தங்கிய நிலையில் பயஸும் போபண்ணாவும் இறங்கினார்கள். முதல் செட்டை 5-7 என்று விட்டு, அடுத்த இரண்டையும் டைபிரேக்கரில் எடுத்தார்கள். 43-வது வெற்றி, உலக சாதனை. நாற்காலியில் கேப்டன் பூபதி. இந்தியா அந்த மோதலை 3-2 என்று வென்றது. அந்த வருஷ ஆசிய விளையாட்டிலோ, தனக்குத் தகுந்த இரட்டையர் கூட்டாளி தரவில்லை என்று கடைசி நேரத்தில் விலகினார் பயஸ். போபண்ணாவும் திவிஜ் சரணும் தங்கம் வாங்கி வந்தார்கள். 2019-ல் டேவிஸ் கோப்பைக்காகப் பாகிஸ்தானுக்குப் போகப் பூபதியும் முன்னணி வீரர்களும் தயங்கியபோது, நான் தயார் என்றார் பயஸ். இஸ்லாமாபாத்திலிருந்து கஜகஸ்தானுக்கு மாற்றப்பட்ட அந்த மோதலில் சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியனோடு இறங்கி 44-வது வெற்றி எடுத்தார். ரஞ்சித், பாலாஜி, ஜீவன் என்று பார்த்தால், பெரியவர்கள் சண்டை போட்டபோதெல்லாம் காலியான இடத்தை நிரப்ப நம்மூர்ப் பிள்ளைகள் போய் நின்றிருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத யாராவது முன்வர வேண்டும்.

வெளிநாட்டுக் கலகக்காரர்களோடு பயஸை ஒப்பிடுவது சிலருக்கு வழக்கம். பொருந்தாது. ஜான் மெக்கன்ரோ நடுவரைத் திட்டுவார். 1990 ஆஸ்திரேலிய ஓபனில் அதற்காகவே வெளியேற்றப்பட்டார். நிக் கிர்கியோஸ் மட்டையை உடைப்பார், அபராதம் கட்டுவார். பயஸ் கோர்ட்டுக்குள் நல்ல பிள்ளை. அவர் சண்டையெல்லாம் தேர்வுக் குழு அறையில், பத்திரிகையாளர் கூட்டத்தில், வாட்ஸ்அப்பில். மெக்கன்ரோவின் சண்டையால் பாதிக்கப்பட்டவர் மெக்கன்ரோ. பயஸின் சண்டையால் பாதிக்கப்பட்டவர்கள் அவரோடு ஆட வேண்டியிருந்தவர்கள்.

கோர்ட்டுக்கு வெளியே உள்ளதையும் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது. குடும்ப வன்முறை வழக்கொன்றில் 2022 பிப்ரவரியில் மும்பை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்து, மாதாமாதம் ஜீவனாம்சம் கொடுக்க உத்தரவிட்டது. வீரரின் சாதனைப் பட்டியலை வாசித்து இதை மறைக்க முடியாது. இதைக் காட்டி அந்தப் பட்டியலை அழிக்கவும் முடியாது.

2024 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் உள்ள சர்வதேச டென்னிஸ் புகழரங்கில் விஜய் அமிர்தராஜும் லியாண்டர் பயஸும் ஒரே மேடையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த அரங்கில் இடம்பெற்ற முதல் ஆசிய ஆண்கள் இவர்கள். பயஸ் தன் ஒரே ஏ.டி.பி. ஒற்றையர் பட்டத்தை 1998-ல் வென்றதும் அதே நியூபோர்ட் புல்தரையில்தான்.

புகழரங்க விழா முடிந்து ஒரு வாரத்தில் பாரிஸ் ஒலிம்பிக். 44 வயது போபண்ணா அந்த வருஷத் தொடக்கத்தில்தான் ஆஸ்திரேலிய ஓபன் இரட்டையர் பட்டம் வென்று உலகின் முதல் இடத்தைத் தொட்டிருந்தார். தன் கூட்டாளி ஸ்ரீராம் பாலாஜி என்று சொன்னார். சங்கம் சரி என்று ஒப்புக்கொண்டது. இதைத்தான் 2012-லும் 2016-லும் செய்திருக்க வேண்டும். பாரிஸில் அவர்கள் முதல் சுற்றில் பிரெஞ்சு ஜோடியிடம் தோற்றார்கள். தோற்றது ஆட்டத்தில், தேர்வில் யாரும் யாரையும் தோற்கடிக்கவில்லை. ஆனாலும் போபண்ணா கேட்டார், சங்கம் கொடுத்தது என்பது விதி ஆகாது; அது அன்றைக்கு இருந்தவர்களின் நல்ல மனசு. முதல் பத்தில் இருப்பவர் தன் கூட்டாளியைத் தானே தேர்ந்தெடுப்பார், கலப்பு இரட்டையரில் பெண்ணின் சம்மதம் எழுத்தில் வாங்கப்படும், டேவிஸ் கோப்பையில் கடைசிச் சொல் கேப்டனுடையது என்று மூன்று வரியைச் சங்கம் தன் விதிப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். அடுத்த ஒலிம்பிக் 2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸில்.